நடைபாதை கேட்டால் யார் பதில் சொல்ல வேண்டும்? உலு யாம் வட்டாரச் சாலைகளும் ஊராட்சி மன்றத்தின் கடமையும்

உலு யாம் என்றதும் கோலாலம்பூரில் பலருக்கு நினைவுக்கு வருவது சைக்கிள். வார இறுதியில் பத்துமலையிலிருந்து பத்து அணைக்கட்டு வழியாக உலு யாம் வரும் மலைச்சாலையில் சைக்கிளோட்டிகள் கூட்டம் கூட்டமாக ஏறி இறங்குகிறார்கள். உலு யாம் பாருவில் பசியாறிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள்.

வார நாள்களில் இந்த வட்டாரத்தில் சைக்கிள் மிதிப்பவர்கள் வேறு மனிதர்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், கடைக்கும் கிளினிக்குக்கும் போகும் முதியவர்கள், செம்பனைத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் அந்நியத் தொழிலாளர்கள். அவர்களுக்குச் சைக்கிள் பொழுதுபோக்கு கிடையாது. அன்றாட வாகனம் அதுதான். அதுவும் இல்லாதவர்கள் சாலையோரப் புல்லில் நடக்கிறார்கள். ஒரு பக்கம் மூடி இல்லாத கால்வாய், மறுபக்கம் செம்பனைக் குலை ஏற்றிய லோரி.

நடப்பவருக்கும் சைக்கிள் மிதிப்பவருக்கும் பாதுகாப்பான வழி அமைத்துத் தருவது யாருடைய பொறுப்பு? ஊராட்சி மன்றத்தின் வேலை எது, அதன் கைக்கு எட்டாதது எது? உலு யாம், பத்தாங் காலி, செரண்டா, பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் போன்ற ஊர்களிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாழ்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தவறான கதவைத் தட்டிப் பல ஆண்டுகள் வீணாகக்கூடும்.

யாருக்கு இது தேவை?

மலேசியாவில் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்க 16 வயது ஆகியிருக்க வேண்டும். கார் உரிமத்துக்கு 17 வயது. இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்தில் சேரும் பிள்ளைக்கு வயது 13. ஆகவே, முதல் மூன்று படிவங்களில் படிக்கும் மாணவர், யாருடைய உதவியும் இல்லாமல் ஓர் இடத்துக்குப் போய்வரச் சட்டம் அனுமதிக்கும் வாகனம் சைக்கிள் ஒன்றுதான். இல்லாவிட்டால் நடக்க வேண்டும்.

தாயும் தந்தையும் விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பும் வீட்டை எடுத்துக்கொள்வோம். பள்ளிப் பேருந்துக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். அதற்கு வசதியில்லை என்றால் பக்கத்து வீட்டாரைக் கேட்க வேண்டும். அதுவும் நடக்கவில்லை என்றால், உரிமம் இல்லாத பிள்ளையின் கையிலேயே மோட்டாரைக் கொடுக்கும் நிலை வருகிறது. இந்நாட்டில் ஆண்டுதோறும் சாலை விபத்துகளில் 6,000க்கும் மேற்பட்டோர் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். நடக்கவும் சைக்கிள் மிதிக்கவும் வழியில்லாத சாலை, பிள்ளைகளை மோட்டாரின் பக்கம் தள்ளுகிறது.

முதியவர்களின் நிலையும் இதுதான். தோட்டத்தில் பால் வெட்டி, கொட்டை பொறுக்கி வாழ்ந்த பல பெண்கள் கடைசிவரை எந்த உரிமமும் எடுத்ததில்லை. மகனோ மருமகனோ வேலையிலிருந்து வரும்வரை மருந்து வாங்கக்கூடக் காத்திருக்கிறார்கள். இரண்டு கிலோமீட்டரில் கடைத்தெரு இருந்தும் வீட்டிலேயே அடைந்துகிடக்கிறார்கள்.

தூரத்தைக் கணக்குப் பார்த்தால் இது மலைக்கத்தக்கதாக இல்லை. மூன்று கிலோமீட்டர் தூரத்தை நடந்து கடக்கச் சுமார் 40 நிமிடம் ஆகும். நிதானமாகச் சைக்கிள் மிதித்தால் 15 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பிள்ளையால் மிதிக்க முடிந்த தூரம்தான். அந்த 15 நிமிடமும் லோரிகளின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கழிய வேண்டியிருப்பதால்தான் பெற்றோர் தயங்குகிறார்கள்.

பேருந்தும் ரயிலும் இதற்கு மாற்று என்று சொல்லலாம். சிலாங்கூரில் 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்மார்ட் சிலாங்கூர் இலவசப் பேருந்துகள் ஊராட்சி மன்றங்கள் வழியாக இயங்குகின்றன. ரவாங்கிலிருந்து வடக்கே செரண்டா, பத்தாங் காலி, ராசா, கோலகுபு பாரு, தஞ்சோங் மாலிம் என்று கொமுட்டர் நிலையங்கள் வரிசையாக உள்ளன. ஆனால், பேருந்தும் ரயிலும் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. நிறுத்தம்வரை நடந்துபோக முடியாதவருக்கு இலவசப் பேருந்தும் எட்டாத பேருந்துதான்.

தோட்டத்தில் எல்லாம் நடை தூரத்தில் இருந்தது

தோட்ட வாழ்க்கையில் வறுமை இருந்தது, அடக்குமுறை இருந்தது. ஆனால், தூரம் இருந்ததில்லை. லயத்து வீடுகள், தமிழ்ப்பள்ளி, கோயில், மருந்தகம், பிள்ளைக் காப்பகம், திடல், மளிகைக் கடை எல்லாமே ஒரே தோட்ட எல்லைக்குள் அமைந்திருந்தன. தொழிலாளி வெளியே போகத் தேவையில்லாதபடி நிர்வாகம் தன் வசதிக்காக அமைத்த ஏற்பாடு அது. இருந்தாலும் அதன் ஒரு விளைவு, பிள்ளைகள் நடந்தே பள்ளிக்குப் போனார்கள்.

தோட்டங்கள் கைமாறியும் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் போனபோது, அந்த அமைப்பு சிதறியது. குடும்பங்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தன. பள்ளி ஒரு பக்கம், கோயில் இன்னொரு பக்கம், வேலை வேறோர் ஊரில் என்றானது. இடையில் பெரிய சாலை வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களின் கையில் முதலில் வந்து சேர்ந்த கடன்களில் ஒன்று மோட்டார் சைக்கிள் தவணை என்றால் அது மிகையில்லை.

எல்லாம் நடை தூரத்தில் இருக்கும்படி ஊரையே திட்டமிட முடியும் என்பதற்கு உலு சிலாங்கூரிலேயே சான்று இருக்கிறது. பழைய கோலகுபு அடிக்கடி வெள்ளத்தில் மூழ்கியதால், மேட்டு நிலத்தில் புதிய பட்டணம் ஒன்றை அமைக்க ஆங்கிலேய நிர்வாகம் முடிவு செய்தது. அதற்கு வரைபடம் தந்தவர் சார்லஸ் ரீட். 1921இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் நகரத் திட்ட அதிகாரியாக வந்தவர் அவர். பூங்கா நகரம் என்ற கருத்தை ஒட்டி, கடைத்தெரு, அரசு அலுவலகங்கள், வீடுகள், திடல் ஆகியவற்றை மரங்களும் பசுமை வெளியும் சூழ, ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்தில் அவர் வகுத்தார். அப்படிப் பிறந்ததுதான் கோலகுபு பாரு. இன்று உலு சிலாங்கூர் நகராட்சி மன்றத்தின் தலைமையகம் இருக்கும் ஊரும் அதுவே.

ஒரே வழி, நான்கு சொந்தக்காரர்கள்

உலு யாம் வட்டாரத்தில் வீட்டிலிருந்து பள்ளிவரை செல்லும் ஒரு பிள்ளை மூன்று கிலோமீட்டருக்குள் மூன்று நான்கு சொந்தக்காரர்களின் சாலையைக் கடக்க நேரலாம். நடைபாதை வேண்டும் என்ற கோரிக்கை பல நேரங்களில் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான்.

முதலாவது, கூட்டரசுச் சாலை. ரவாங், செரண்டா, பத்தாங் காலி, ராசா வழியாக வடக்கே செல்லும் பழைய நெடுஞ்சாலை, கூட்டரசுச் சாலை 1. ஈஜோக் வழியாகக் கோல சிலாங்கூர் செல்வது 54. கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங் வழியாகப் போவது 5. இவை மத்திய பொதுப்பணி அமைச்சின் பொறுப்பில் உள்ளவை. ஜேகேஆர் எனப்படும் பொதுப்பணி இலாகா இவற்றைப் பார்த்துக்கொள்கிறது.

இரண்டாவது, மாநிலச் சாலை. சிலாங்கூர் மாநிலச் சாலைகளின் எண்ணுக்கு முன்னால் 'பி' என்ற எழுத்து இருக்கும். பத்துமலையிலிருந்து உலு யாம் வரும் சாலை பி23. எழுத்து இல்லாமல் வெறும் எண் இருந்தால் அது கூட்டரசுச் சாலை. சாலையோரப் பலகையையோ கிலோமீட்டர் கல்லையோ பார்த்தாலே இந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

மூன்றாவது, ஊராட்சி மன்றச் சாலை. தாமான்களின் உட்சாலைகள், கடைத்தெருக்கள், பின்சந்துகள் ஆகியவை பெரும்பாலும் இதில் அடங்கும். உலு யாம் இருப்பது உலு சிலாங்கூர் நகராட்சி மன்றத்தின் எல்லைக்குள். பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் பகுதிகள் கோல சிலாங்கூர் நகராட்சி மன்றத்தைச் சேர்ந்தவை. இவ்விரண்டு மாவட்ட மன்றங்களும் 2021இல் நகராட்சி மன்றங்களாகத் தரம் உயர்ந்தன. சில கம்பத்துச் சாலைகளை மாவட்ட அலுவலகம் கவனிக்கிறது.

நான்காவது, தோட்டச் சாலை. இது தோட்ட நிறுவனத்தின் தனிச் சொத்து. இதில் ஊராட்சி மன்றம் நினைத்தபடி நடைபாதை போடவோ விளக்குக் கம்பம் நடவோ முடியாது. நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும், அல்லது அந்த நிலம் பொதுவழியாக அரசிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.

பணமும் இந்தப் பிரிவை ஒட்டியே ஓடுகிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 109ஆம் பிரிவின்கீழ் மாநிலங்களுக்குச் சாலை மானியம் கிடைக்கிறது. மாரிஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சாலைப் பதிவேட்டில் உள்ள சாலைகளின் நீளத்தையும் பராமரிப்புச் செலவையும் வைத்து அது கணக்கிடப்படுகிறது. ஆகவே, ஒரு சாலை அந்தப் பதிவேட்டில் இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் எந்தக் கோரிக்கைக்கும் முதல் கேள்வி. லயத்து வீடுகளிலிருந்து பிரதான சாலைக்கு வரும் அந்த அரை கிலோமீட்டர் யாருடையது என்று உறுதியாகாதவரை, ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டும். அவர்கள் சொல்வது பொய்யாகவும் இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

நடப்பவருக்காக விதி போடுவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1822இல் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்தபோது, கடை வீடுகளின் முன்னால் கூரையிட்ட நடைவழி தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதித்தார். மலாயாவின் பட்டணங்களுக்கும் பரவிய அதைத்தான் நம்மவர்கள் 'அஞ்சடி' என்று அழைத்தார்கள். வெயிலிலும் மழையிலும் நனையாமல் கடைத்தெரு முழுக்க நடந்துவிடலாம். இன்று பல அஞ்சடிகளில் சரக்குப் பெட்டியும் மோட்டாரும் நிற்பதால் மக்கள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் இத்தகைய இடையூறுகளை அகற்ற ஊராட்சி மன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. புதிதாக எதையும் கட்டாமலேயே செய்யக்கூடிய வேலை இது.

அதே சட்டம் பொதுச் சாலைகளையும் நடைபாதைகளையும் பராமரிக்கும் பொறுப்பை ஊராட்சி மன்றத்திடம் ஒப்படைக்கிறது. ஆனால், கையிலுள்ள நிதி இடம் கொடுக்கும் அளவுக்கு என்ற நிபந்தனையும் உண்டு. பெட்டாலிங் ஜெயாவைப் போல வணிக வளாகங்களின் வரி வருமானம் உலு சிலாங்கூருக்குக் கிடையாது. பரப்போ மிகப் பெரியது. எனவே 'நிதி இல்லை' என்ற பதில் அடிக்கடி வரும். அதற்கு மறுகேள்வி ஒன்று உண்டு: இருக்கும் நிதியில் முதலிடம் எதற்கு?

இக்கேள்வியைக் கேட்கும் உரிமை வரி கட்டுவோருக்கு இருக்கிறது. பிப்ரவரி, ஆகஸ்ட் மாத இறுதிக்குள் கட்டும் மதிப்பீட்டு வரி, 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டத்தின்கீழ் வசூலிக்கப்படுகிறது. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. தலைவரைத் தவிர்த்து 8 முதல் 24 பேர்வரை நியமிக்கலாம். வாக்குச் சீட்டால் கேட்க முடியாததை மனுவாலும் கூட்டத்தில் பங்கேற்றும்தான் கேட்க வேண்டியிருக்கிறது. மன்றத்தின் கூட்டம் மூடிய கூட்டம் என்று தனியாகத் தீர்மானிக்கப்படாதவரை பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் சென்று அமரலாம் என்று அதே சட்டம் கூறுகிறது. இது பலருக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது சட்டம், 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டம். ஓர் ஊர் எப்படி வளர வேண்டும் என்பதைச் சொல்லும் மாவட்ட உள்ளூர்த் திட்டம் இதன்கீழ்தான் வரையப்படுகிறது. வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும், எழுத்துப்பூர்வமான ஆட்சேபங்களுக்கு அவகாசம் தர வேண்டும். தோட்ட நிலம் வீடமைப்புப் பகுதியாக மாறும்போது மேம்பாட்டாளர் ஊராட்சி மன்றத்திடம் திட்ட அனுமதி பெற்றாக வேண்டும். நடைபாதை, சைக்கிள் வழி, பள்ளிக்குக் குறுக்கு வழி ஆகியவற்றை நிபந்தனையாகச் சேர்க்க மிக மலிவான நேரம் அதுதான். வீடுகள் எழுந்து, வேலி போட்டு, கால்வாய் வெட்டிய பிறகு அதே வழியைத் திறக்கப் பல மடங்கு செலவாகும்.

வழிகாட்டி விதிகளுக்கும் குறைவில்லை. சைக்கிள் தடம் எப்படி அமைக்க வேண்டும் என்பதற்கு ஜேகேஆர் 1986ஆம் ஆண்டிலேயே தொழில்நுட்ப வழிகாட்டி ஒன்றை வெளியிட்டுவிட்டது.

வண்ணம் பூசினால் போதுமா?

சைக்கிள் தடம் என்றால் சாலையில் கோடு போடுவது என்று நினைப்பவர்களுக்குக் கோலாலம்பூர் ஒரு பாடம். 2018இல் நகர மையச் சாலைகளில் நீல வண்ணத்தில் சைக்கிள் தடங்கள் தீட்டப்பட்டன. வாகனத்துக்கும் சைக்கிளுக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லாத இடங்களில் அவற்றில் கார்கள் நின்றன, மோட்டார்கள் ஓடின. சைக்கிளோட்டிகளே அதைக் குறை கூறினார்கள். இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் பக்கத்திலேயே இருக்கிறது. கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களில் அமைக்கப்பட்ட மோட்டார் சைக்கிள் தடம், பிரதான சாலையிலிருந்து முற்றாகப் பிரிக்கப்பட்டது. அது விபத்துகளைக் குறைத்ததாக ஆய்வுகள் காட்டின. வண்ணம் கண்ணுக்குத் தெரியும். உயிரைக் காப்பது தடுப்பும் இடைவெளியும்தான்.

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டம் வேறொரு பாடம் தருகிறது. அங்கே 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளை நடத்தியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஆதரவோடு, எழுத்துடன் சைக்கிளும் பெண்களுக்குக் கற்றுத்தரப்பட்டது. சைக்கிள் வாங்கக் கடனுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், கிராமச் செவிலியர்கள், ஆசிரியைகள் என்று 1 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதாகச் செய்தியாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பெண்களுக்கான சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோக, ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கி மிதித்தவர்களும் உண்டு. தண்ணீர் கொண்டுவர, விளைபொருளை விற்க, பிள்ளையைப் பள்ளியில் விட ஆண் துணைக்காகக் காத்திருந்த நிலை மாறியது. அந்த மாவட்ட நிர்வாகம் புதிதாகச் சாலை எதையும் போட்டுவிடவில்லை. பயிற்சி கொடுத்தது, கடன் கொடுத்தது, பெண் சைக்கிள் ஓட்டுவது கௌரவக் குறைவு அல்ல என்று பகிரங்கமாகச் சொன்னது.

அதன் தொடர்ச்சி போலவே, தமிழ்நாட்டு அரசு 2001-02ஆம் கல்வியாண்டில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி சமூக மாணவியருக்கு இலவச சைக்கிள் வழங்கத் தொடங்கி, 2005-06இல் அத்திட்டத்தை மற்ற மேல்நிலை மாணவர்களுக்கும் விரிவுபடுத்தியது.

சென்னை மாநகராட்சி 2014இல் எடுத்த முடிவு இன்னும் நேரடியானது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் செலவிட வேண்டும் என்று கொள்கையாக ஏற்றுக்கொண்டது. 2019இல் பாண்டி பஜாரில் அகலமான நடைவளாகம் திறக்கப்பட்டது. சென்னையின் எல்லாத் தெருவும் அப்படி ஆகிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும், கொள்கையில் ஓர் எண் எழுதப்பட்டுவிட்டால், அந்த எண்ணைக் காட்டிக் கேள்வி கேட்க மக்களுக்குப் பிடி கிடைக்கிறது.

சைக்கிள் நாடு என்று பேர்பெற்ற நெதர்லாந்துகூட அப்படியே பிறந்துவிடவில்லை. 1971இல் அங்கே சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் அதிகமானோர் சிறுவர்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் உட்படப் பலரும் தெருவில் இறங்கி, குழந்தைகள் சாகடிக்கப்படுவதை நிறுத்துங்கள் என்று போராடிய பிறகே தனிச் சைக்கிள் தடங்களுக்கு அரசின் கவனம் திரும்பியது.

உலு யாமுக்குப் பொருந்துவது எது?

கோலாலம்பூரில் செய்வதை அப்படியே உலு யாமுக்குக் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் தேவையில்லை. இங்கே தேவைப்படுபவை சிறிய வேலைகள்.

சாலையோரத்தில் ஒன்றரை மீட்டர் அகலத்துக்காவது தார் போட்டு, புல்லை ஒழுங்காக வெட்டி வைத்தால் நடப்பவரும் சைக்கிளோட்டியும் லோரியின் பாதையிலிருந்து விலகிச் செல்லலாம். குறுகிய சாலைகளில் மூடி இல்லாத கால்வாய்க்கு, நாம் லோங்காங் என்று சொல்வதற்கு, வலுவான மூடி போட்டால் அதுவே நடைபாதை ஆகிவிடும். சிறு பாலங்களில் நடப்பவருக்குத் தனி இடமில்லாவிட்டால் வழி முழுவதும் நன்றாக இருந்தும் பயனில்லை. அந்தப் பத்து மீட்டர்தான் பெற்றோரைப் பயமுறுத்தும்.

அடுத்தது வெளிச்சம். காலைப் பள்ளிக்கு ஆறரை மணிக்கே பிள்ளைகள் கிளம்பிவிடுகிறார்கள். அப்போது இங்கே இன்னும் இருட்டு. பேருந்து நிறுத்தத்திலும் சாலையைக் கடக்கும் இடத்திலும் ஒரு விளக்கு எரிந்தால் ஓட்டுநர் கண்ணுக்குப் பிள்ளை தெரியும்.

மூன்றாவது வேகம். நடப்பவர்களும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகமே உச்ச வரம்பாக இருக்க வேண்டும் என்று 2020இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாடு வலியுறுத்தியது. சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான ஆபத்து சுமார் 4 விழுக்காடு கூடுகிறது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பள்ளி, கோயில், சந்தை முன்னால் பலகை மட்டும் நட்டால் வேகம் குறையாது. சாலையைச் சற்று உயர்த்திக் கட்டிய நடைக்கோடு இருந்தால் குறையும்.

நான்காவது, சைக்கிளை நிறுத்த இடம். கொமுட்டர் நிலையத்திலும் கிளினிக்கிலும் கூரையுடன், பூட்டிவைக்கும் கம்பியுடன் ஒரு நிறுத்துமிடம் இல்லையென்றால் சைக்கிளை யாரும் நம்பி விட்டுவிட்டுப் போகமாட்டார்கள்.

சைக்கிளோட்டிகளுக்கும் கடமை உண்டு. இருட்டில் ஓட்டும்போது முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கோ பிரதிபலிப்பானோ இருக்க வேண்டும். கறுப்புச் சட்டையில், விளக்கில்லாமல், இருட்டில் வரும் சைக்கிளை லோரி ஓட்டுநர் பார்க்கும்போது நேரம் கடந்திருக்கும்.

எப்படிக் கேட்பது?

'எங்கள் ஊருக்கு நடைபாதை வேண்டும்' என்று எழுதும் கடிதம் பெரும்பாலும் கோப்பில் தூங்கும். எந்தச் சாலை, எந்தக் கிலோமீட்டர் கல்லிலிருந்து எந்தக் கல்வரை, எந்தப் பள்ளிக்கு எத்தனை பிள்ளைகள் அந்த வழியில் நடக்கிறார்கள் என்று எழுதினால் அதிகாரி அதைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு காலை நேரத்தில் பள்ளி வாசலில் நின்று, நடந்து வந்தவர் எத்தனை பேர், சைக்கிளில் வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணினாலே போதும். படங்களும் வேண்டும்: திறந்த கால்வாய், புல் மூடிய ஓரம், உடைந்த பாலத் தடுப்பு.

சாலை எண்ணைப் பார்த்த பிறகு கடிதம் போக வேண்டிய இடம் தெளிவாகும். கூட்டரசுச் சாலையும் மாநிலச் சாலையும் என்றால் மாவட்ட ஜேகேஆர், தாமான் சாலை என்றால் நகராட்சி மன்றம், தோட்டச் சாலை என்றால் தோட்ட நிர்வாகி. எதுவானாலும் நகல் மூன்று பேருக்குப் போகட்டும்: அப்பகுதிக்குப் பொறுப்பான மன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம், இந்திய சமூகத் தலைவர். இந்திய சமூகத் தலைவர்களை மாநில அரசு நியமித்திருப்பதே இத்தகைய கோரிக்கைகளைக் கொண்டுசேர்க்கத்தான். குழி, உடைந்த மூடி போன்ற பழுதுகளுக்குப் பொதுப்பணி அமைச்சு 2023இல் அறிமுகப்படுத்திய மைஜாலான் செயலியும் உதவும். எந்த வழியில் புகார் செய்தாலும் புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். எண் இல்லாத புகாரைப் பின்தொடர முடியாது.

தோட்டச் சாலை விஷயத்தில் எழுத்து இன்னும் முக்கியம். பள்ளிப் பிள்ளைகளும் முன்னாள் தொழிலாளர்களும் பயன்படுத்தும் வழியைப் பொதுவழியாக ஒப்படைக்க நிர்வாகம் சம்மதிக்கிறதா என்று நேரடியாகக் கேட்டுப் பதிலை எழுத்தில் பெற வேண்டும். நிலம் கைமாறிய பிறகு வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. புதிய உரிமையாளர் வழியை அடைத்து வேலி போட்டால், முன்பு நடந்தோம் என்பதைக் காட்டக் கையில் ஒரு தாளாவது இருக்கும்.

கடைசியாக, காலம். நகராட்சி மன்றத்தின் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் நடப்பு ஆண்டின் பிற்பாதியில் தயாராகிவிடும். அது முடிந்த பிறகு வரும் நல்ல கோரிக்கையும் இன்னோர் ஆண்டு காத்திருக்க வேண்டியதுதான். ஆகஸ்ட் மாதம் மதிப்பீட்டு வரி கட்டப் போகும்போது, பணத்தோடு அந்தக் கடிதத்தையும் கொண்டுபோய் முகப்பில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வருவது நல்லது.